ராப்சடி இன் ப்ளூ (1945): கெர்ஷ்வின் கதையா, வார்னர் பிரதர்ஸ் விட்ட கதையா?

#1 பழையரீல்

நேற்று ராத்திரி 'ராப்சடி இன் ப்ளூ' படத்தை மறுபடி பார்த்தேன். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் வாழ்க்கைப் படம், அவருடைய புகழ்பெற்ற இசைப்படைப்பின் பெயரையே வைத்தது. முதலில் பார்த்தது கல்லூரியில் படிக்கும்போது, ஒரு திரைப்படச் சங்கத்தில். அப்போது ஜார்ஜ் கெர்ஷ்வின் யாரென்றே தெரியாது. படம் சொன்னதையெல்லாம் நம்பி, கடைசிக் காட்சியில் கண் கலங்கிவிட்டு வெளியே வந்தேன். நடுவில் முப்பது வருடம் ஓடிவிட்டது. மனுஷனைப் பற்றிக் கொஞ்சம் படித்தும்விட்டேன். இந்த முறை கண் கலங்கவில்லை, எரிச்சல்தான் வந்தது.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கெர்ஷ்வின் 1898-ல் நியூயார்க் புரூக்ளினில் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். அண்ணன் ஐராவுக்கென்று வீட்டில் பியானோ வாங்குகிறார்கள். தம்பி போய் அதன்முன் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பதினைந்து வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு ரெமிக் என்ற இசைப் பதிப்பகத்தில் வாரம் 15 டாலருக்கு வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை? ஒரு சின்ன அறையில் நாள் முழுக்கப் பியானோ வாசிப்பது. வருகிற பாடகர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் கம்பெனிப் பாட்டுகளை வாசித்துக் காட்டி, அவர்கள் தலையில் கட்டுவது. அங்கிருந்து கிளம்பியவர் பிராட்வே, கச்சேரி மேடை, ஓபரா என்று போய், 1937-ல் 38 வயதில் மூளைக் கட்டியால் இறந்துபோனார். வார்னர் பிரதர்ஸ் 1943-லேயே படப்பிடிப்பை நடத்தியது. படம் வெளிவந்தது 1945-ல். இயக்கம் இர்விங் ராப்பர். கெர்ஷ்வினாக ராபர்ட் ஆல்டா, அவருக்கு இது முதல் படம்.

என் எரிச்சல் இதுதான். படத்தில் கெர்ஷ்வினுக்கு இரண்டு காதலிகள். ஜூலி ஆடம்ஸ் என்ற பாடகி (ஜோன் லெஸ்லி), கிறிஸ்டின் கில்பர்ட் என்ற பணக்காரச் சீமாட்டி (அலெக்சிஸ் ஸ்மித்). இரண்டு பேருமே பூமியில் பிறக்கவில்லை. முழுக்கக் கற்பனை. அவருக்கு இசையின் மேன்மையைப் போதிக்கும் பேராசிரியர் பிரான்க்கும் கற்பனை. நிஜத்தில் கெர்ஷ்வினுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து, கச்சேரி கேட்க அனுப்பி ஆளாக்கியவர் சார்லஸ் ஹாம்பிட்சர். பாவம், 1918-லேயே போய்விட்டார், கேட்க ஆளில்லை.

ஆனால் கேய் ஸ்விஃப்ட்? பத்து வருடத்துக்குப் பக்கத்தில் கெர்ஷ்வினோடு இருந்த பெண். அவரே இசையமைப்பாளர், 1930-ல் 'ஃபைன் அண்ட் டாண்டி' என்ற வெற்றிகரமான பிராட்வே நாடகம் முழுவதற்கும் இசையமைத்தவர். கெர்ஷ்வினின் 1926 நாடகத்துக்கு 'ஓ, கே!' என்று பெயர் வந்ததற்கே இவர்தான் காரணம் என்பார்கள். படத்தில் இவர் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை. இருந்தவரைத் துடைத்துவிட்டு, இல்லாத இருவரைக் கொண்டுவந்து வைக்க எப்படி மனசு வந்தது?

#2 மேட்னி_மோகன்

//இரண்டு பேருமே பூமியில் பிறக்கவில்லை//

இதற்கே இவ்வளவு கோபமா சார்? அதே கம்பெனி மறுவருடம் கோல் போர்ட்டர் வாழ்க்கையை 'நைட் அண்ட் டே' என்று எடுத்தது. போர்ட்டராக கேரி கிராண்ட். போர்ட்டர் ஆண்களை நேசித்தவர். படத்தில் அதன் நிழல்கூட விழாது. சரி, மனைவியாக வருவது யார் தெரியுமா? இதே அலெக்சிஸ் ஸ்மித்! இங்கே இல்லாத காதலி, அங்கே இருந்த மனைவி. வார்னரில் இசையமைப்பாளருக்குப் பெண் தேடினால் நேராக அவர் வீட்டுக்குத்தான் போவார்கள் போல.

எம்ஜிஎம் மட்டும் யோக்கியமா? ஜெரோம் கெர்னுக்கு 'டில் த கிளவுட்ஸ் ரோல் பை' (1946), ரோஜர்ஸ்-ஹார்ட்டுக்கு 'வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்' (1948). எல்லாம் ஒரே அச்சு. வறுமை, ஒரு வாய்ப்பு, ஒரு காதல், பன்னிரண்டு பாட்டு, கண்ணீர். பேரை மாற்றிப் போட்டால் எந்தக் கதையையும் எந்தப் படத்தில் வேண்டுமானாலும் சொருகலாம்.

#3 நியூஜெர்சி_நிலா

நான் கெர்ஷ்வினை முதலில் கேட்டது விமானத்தில். யுனைட்டெட் ஏர்லைன்ஸ்காரர்கள் 1980-களின் கடைசியிலிருந்து 'ராப்சடி இன் ப்ளூ'வைத்தான் விளம்பரத்துக்கும் விமானத்துக்குள்ளும் போடுகிறார்கள். ரொம்ப நாள் அதை விமானக் கம்பெனி சொந்தமாகப் போட்ட மெட்டு என்றே நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்.

போன மாதம்தான் படம் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது பழையரீல் சார். காதல் காட்சிகளில் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். பாட்டு வந்தால் திரும்பி வந்துவிடுவேன். அந்த லெவண்ட் இருக்கிறாரே, உம்மென்ற முகத்தோடு வாயைத் திறந்தாலே கிண்டல். அவருக்காகவே பார்க்கலாம்.

#4 பழையரீல்

நிலா மேடம், ஆஸ்கர் லெவண்ட் விஷயம் இன்னும் சுவையானது. அவர் கெர்ஷ்வினின் நிஜ நண்பர், படத்தில் தானாகவே வருகிறார். அதோடு ராபர்ட் ஆல்டா பியானோ முன் உட்கார்ந்து வாசிப்பதுபோல் நடிக்கும்போது நாம் கேட்பதும் பெரும்பாலும் லெவண்ட் வாசித்ததுதான். அதாவது கதாநாயகனின் விரலும் பக்கத்தில் நின்று கிண்டலடிக்கும் நண்பனின் வாயும் ஒரே ஆளுடையவை. இதை யோசித்துக்கொண்டே பார்த்தால் சில காட்சிகள் விநோதமாக இருக்கும்.

ஜோன் லெஸ்லி பாடுவதும் அவர் குரல் இல்லை. சாலி ஸ்வீட்லாண்ட் என்பவருடையது. இல்லாத பெண்ணுக்கு இரவல் குரல்!

#5 கிளாரி_செல்வம்

கிளாரிநெட் வாசிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். கதை, காதல் எதுவும் எனக்கு வேண்டாம். ராப்சடி முதன்முதலாக அரங்கேறும் அந்த ஏயோலியன் ஹால் காட்சியில் தொடக்கத்தில் கிளாரிநெட் கீழே ஒரு முணுமுணுப்பாய் ஆரம்பித்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறுகிறதே, அதற்காகப் பத்து தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.

கெர்ஷ்வின் எழுதியது வழுக்கல் இல்லை. ஒரு நடுக்கம், அப்புறம் 17 சுரங்கள் தனித்தனியாக ஏறும் வரிசை. ஒத்திகையில் பால் வைட்மேனின் ஜாஸ் குழுவில் கிளாரிநெட் வாசித்த ராஸ் கார்மன் வேடிக்கைக்காக மேல்பாதியை அப்படியே இழுத்து வாசித்துக் காட்டினார். கெர்ஷ்வின் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர், 'இனிமேல் இப்படித்தான், இன்னும் அழுதபடி வாசி' என்கிற மாதிரி அதையே வைத்துக்கொண்டார். நம் ஆட்களுக்குச் சொல்வதென்றால் ஜாரு. நாதஸ்வரத்தில் அது இயல்பாக வரும், கிளாரிநெட்டில் சாவியும் துளையும் குறுக்கே நிற்கும். விரலை ஒவ்வொன்றாக, தூக்குவது தெரியாமல் வழித்துக்கொண்டே வர வேண்டும். உதட்டைத் தளர்த்தி, தொண்டையால் பிடித்திழுக்க வேண்டும். நான் இரண்டு வருடம் முயன்றேன். வீட்டில் பக்கத்துக் குடித்தனக்காரர் ஆம்புலன்ஸ் வருகிறது என்று வாசலுக்கு வந்து பார்த்தார்.

#6 மேட்னி_மோகன்

செல்வம் அண்ணே, ஆம்புலன்ஸ் :) :)

#7 பழையரீல்

செல்வம் சொன்ன அந்த ஏயோலியன் ஹால் கச்சேரி, 1924 பிப்ரவரி 12. அதன் பின்கதை படத்தைவிடச் சுவாரசியம். ஜனவரி 4-ம் தேதி நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் ஒரு செய்தி: வைட்மேனின் கச்சேரிக்காக கெர்ஷ்வின் ஒரு ஜாஸ் கன்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதிக்கொண்டிருக்கிறார் என்று. அன்றைக்கு கெர்ஷ்வின் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். ஐராதான் படித்துக் காட்டினார். எழுதிக்கொண்டிருக்கிறவருக்கே அப்போதுதான் தெரியும்! கச்சேரிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது, கையில் வேறு நாடக வேலை.

பாஸ்டனுக்கு ரயிலில் போகும்போது தண்டவாளத்தின் தடதடப்பில் முழு உருவமும் காதில் விழுந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு பியானோவுக்கு எழுத எழுத, ஒவ்வொரு தாளாக ஃபெர்டி கிரோஃபே வாங்கிப்போய் வைட்மேன் குழுவுக்கு வாத்தியம் பிரித்தார். கச்சேரி அன்றும் பியானோவின் தனி இடங்கள் சில தாளில் ஏறவே இல்லை. கெர்ஷ்வின் தலையசைக்கும்வரை காத்திரு என்று வைட்மேன் தாளில் குறிப்பு. தலைப்பைக்கூட ஐராதான் கொடுத்தார்: விஸ்லர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்தவர், ஓவியத்துக்கு நிறத்தில் பெயர் வைப்பதுபோல் இதற்கும் வைக்கலாமே என்றார்.

இப்படி ஒரு ஐந்து வாரம் கையில் இருக்கும்போது எதற்கு ஜூலி ஆடம்ஸ்?

#8 கோடைமழை

யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். படத்தில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிப் பாடுகிற இடங்கள் உங்கள் யாருக்கும் உறுத்தவில்லையா? அல் ஜால்சன் 'ஸ்வானி' பாடுவது அப்படித்தான். அப்புறம் 'ப்ளூ மண்டே' காட்சி முழுவதும் அப்படித்தான். என் மகளோடு பார்த்தேன். பாதியில், 'அம்மா, இவங்க ஏன் இப்படி?' என்று கேட்டாள். படத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேச வேண்டியதாயிற்று.

#9 மேட்னி_மோகன்

அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதானே மேடம். இன்றைய கண்ணால் பார்த்தால் எந்தப் பழைய படமும் தேறாது.

#10 கோடைமழை

'அந்தக் காலத்தில் எல்லோரும்' என்றால் யார் யார் மோகன்? கறுப்பின மக்களும் அந்தக் காலத்தில்தான் இருந்தார்கள், அவர்களுக்கு இது அப்போதே உறுத்தியது. அதே படத்தில் ஹேசல் ஸ்காட் வருகிறாரே, அவரை விசாரித்துப் பாருங்கள்.

டிரினிடாடில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த பியானோ கலைஞர். கறுப்பினப் பெண் என்றால் வேலைக்காரி வேடம் மட்டும்தான் என்று ஹாலிவுட் முடிவு செய்திருந்த காலத்தில் வேலைக்காரியாக நடிக்க மாட்டேன் என்று சொன்னவர். வந்தால் ஹேசல் ஸ்காட்டாகத்தான் வருவேன் என்றார். 1943-ல் கொலம்பியா நிறுவனத்தின் 'த ஹீட்ஸ் ஆன்' படத்தில் கறுப்பினப் பெண்களுக்கு அழுக்கு ஏப்ரன் கட்டிவிட்டார்கள். உடையை மாற்றாமல் வேலை நடக்காது என்று மூன்று நாள் நின்றார். அவர்கள் மாற்றினார்கள், ஆனால் ஹாலிவுட் கதவு மூடிக்கொண்டது. அவர் வந்த கடைசி ஹாலிவுட் படம் நீங்கள் பேசிக்கொண்டிருக்கிற இதுதான்.

இதில் பாரிஸ் விடுதிக் காட்சியில் 'த மேன் ஐ லவ்' பாட்டை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பாடியபடி வாசிப்பார். தலை நிமிர்ந்து, கம்பீரமாக. ஒரே படத்துக்குள் ஜால்சனின் கரிமுகமும் இந்த முகமும் இருக்கின்றன. என் மகளிடம் இரண்டையும் காட்டித்தான் பேசினேன்.

#11 மேட்னி_மோகன்

இது எனக்குத் தெரியாது. மன்னிக்கணும் மேடம். இன்றைக்கு அந்தக் காட்சியை மறுபடி பார்க்கிறேன்.

#12 பழையரீல்

'ப்ளூ மண்டே' பற்றி ஒரு வார்த்தை. கரி பூசியதை நியாயப்படுத்த வரவில்லை. நிஜத்திலும் அது அப்படித்தான் மேடையேறியது என்பதற்காகச் சொல்கிறேன். 1922-ல் ஜார்ஜ் ஒயிட்டின் 'ஸ்கேண்டல்ஸ்' என்ற பல்சுவை நிகழ்ச்சிக்கு நடுவில் ஒரு குட்டி ஓபராவாக கெர்ஷ்வின் போட்டது. சிரிக்க வந்த கூட்டத்துக்கு முன்னால் கொலையில் முடிகிற கதை. ஒரே ஒரு இரவுதான், மறுநாள் தூக்கிவிட்டார்கள். ஆனால் அன்றைக்குக் குழுவை நடத்தியவர் பால் வைட்மேன். இந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று மனசில் முடிந்து வைத்துக்கொண்டார், இரண்டு வருடம் கழித்து ராப்சடி கேட்டார். அந்த ஜார்ஜ் ஒயிட்டும் படத்தில் தானாகவே வருகிறார்.

#13 நியூஜெர்சி_நிலா

ஜால்சன், வைட்மேன், ஒயிட், லெவண்ட், ஹேசல் ஸ்காட்... நிஜ ஆட்கள் இத்தனை பேரா! அப்போது 'சம்மர்டைம்' பாடுகிறவர் யார்? அந்தக் குரல் இரண்டு நாளாக மண்டைக்குள்ளேயே ஓடுகிறது.

#14 கோடைமழை

ஆன் பிரவுன். 1935-ல் கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' ஓபரா முதலில் மேடையேறியபோது பெஸ்ஸாகப் பாடிய அதே ஆன் பிரவுன். பால்டிமோரில் பிறந்து நியூயார்க்கின் ஜூலியர்ட் இசைப் பள்ளியில் படித்தவர். கெர்ஷ்வின் ஓபரா எழுதுகிறார் என்று கேள்விப்பட்டு அவரே கடிதம் எழுதி வாய்ப்புக் கேட்டார். போய்ப் பாடிக் காட்டினார். அதற்குப் பிறகு கெர்ஷ்வின் எழுத எழுத இவரைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லிக் கேட்பாராம். அப்படியே பெஸ் பாத்திரம் வளர்ந்தது. மூல நாவலும் அதிலிருந்து வந்த நாடகமும் வெறும் 'போர்கி'தான்.

இன்னொன்று: ஓபராவில் 'சம்மர்டைம்' கிளாரா பாடும் தாலாட்டு, பெஸ்ஸின் பாட்டே இல்லை. ஆன் பிரவுன் அதன்மேல் ஆசைப்பட்டுக் கேட்க, மூன்றாம் அங்கத்தில் பெஸ் ஒருமுறை பாடுகிற மாதிரி கெர்ஷ்வின் இடம் செய்து கொடுத்தார்.

1936-ல் வாஷிங்டனின் நேஷனல் தியேட்டரில் நாடகம் போடப் போனார்கள். கறுப்பின மக்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. என் மக்கள் உட்கார்ந்து பார்க்க முடியாத இடத்தில் நான் பாட மாட்டேன் என்று ஆன் பிரவுனும் போர்கியாக நடித்த டாட் டங்கனும் நின்றார்கள். அந்த நாடகம் நடந்த நாள்களுக்கு மட்டுமாவது கதவு எல்லோருக்கும் திறந்தது. பின்னாளில் அமெரிக்காவின் நிறவெறி அலுத்துப்போய் நார்வேக்குப் போய்க் குடியேறிவிட்டார். 2009-ல் ஆஸ்லோவில் காலமானார்.

#15 நியூஜெர்சி_நிலா

இதைப் படித்ததும் மறுபடி போட்டுப் பார்த்தேன். வேறு மாதிரி கேட்கிறது.

#16 கிளாரி_செல்வம்

1935 நாடகத்தை யாராவது முழுசாகப் படம் பிடித்திருக்கிறார்களா?

#17 பழையரீல்

இல்லை செல்வம். நியூயார்க்கில் 124 காட்சிகள் நடந்தது, போட்ட காசு தேறாமல் நிறுத்தினார்கள். ஓபராவுக்கு 124 காட்சி என்பது பெரிய எண்ணிக்கை, பிராட்வேக்கு அது தோல்வி. 1959-ல் ஆட்டோ பிரெமிஞ்சர் திரைப்படமாக எடுத்தார். கெர்ஷ்வின் குடும்பத்துக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கு நல்ல பிரதியில் பார்ப்பதே குதிரைக்கொம்பு. ஆக முதல் பெஸ் மேடையில் எப்படி நின்று பாடியிருப்பார் என்று பார்க்க வேண்டுமானால்...

எழுதிக்கொண்டே வரும்போதுதான் உறைக்கிறது. நான் திட்டிக்கொண்டிருக்கும் இந்தப் படத்துக்குத்தான் வர வேண்டும்.

#18 மேட்னி_மோகன்

ஆஹா, சார் இறங்கி வருகிறார்!

#19 பழையரீல்

இறங்கவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கேய் ஸ்விஃப்ட் விஷயத்தில் என் வழக்கு அப்படியே நிற்கிறது.

#20 தூரத்து_இடி

நான் பொதுவாகப் படித்துவிட்டுப் போகிறவன். கேய் ஸ்விஃப்ட் பற்றி வக்கீலாக ஒரு கோணம். படம் எடுக்கும்போது அவர் உயிரோடு இருக்கிறார் (1993 வரை இருந்தார்). கெர்ஷ்வினோடு பழக ஆரம்பித்தபோது அவர் ஜேம்ஸ் வார்பர்க் என்ற வங்கிக்காரரின் மனைவி, மூன்று பெண் குழந்தைகள். 1934-ல்தான் மணமுறிவு. அன்றைய தணிக்கை விதிகளில் மணமான பெண்ணோடு உறவு வைத்திருக்கும் கதாநாயகனை, அதுவும் நிஜப் பெயரோடு, எப்படிக் காட்டுவீர்கள்? எந்த ஸ்டுடியோ வக்கீலும் முதல் வாசிப்பிலேயே கிழித்துப் போட்டிருப்பார். ஜூலியும் கிறிஸ்டினும் கலைக்காக வந்தவர்கள் இல்லை, வழக்குப் பயத்தில் வந்தவர்கள் என்பது என் ஊகம். சாலமன் தீர்ப்பு மாதிரி ஒரு பெண்ணை வெட்டி இரண்டாக்கிவிட்டார்கள்: பாட்டுப் பாதி ஜூலிக்கு, பணக்காரச் சமூகப் பாதி கிறிஸ்டினுக்கு.

#21 பழையரீல்

'ஒரு பெண்ணை வெட்டி இரண்டாக்கிவிட்டார்கள்' — இது நன்றாக இருக்கிறது வக்கீல் சார். ஆனால் வெட்டியதில் விழுந்துபோனது எது பாருங்கள்: அவர் எழுதிய இசை. இரண்டு பாதியிலும் அது இல்லை. ஜூலி பாடுவாள், கிறிஸ்டின் கேட்பாள். கெர்ஷ்வின் பக்கத்தில் உட்கார்ந்து தாளைத் திருத்தத் தெரிந்த பெண் அந்தப் படத்தில் எங்கும் இல்லை.

நிஜ கேய் என்ன செய்தார் தெரியுமா? கெர்ஷ்வின் இறந்த பிறகு, பதிப்பிக்காமல் கிடந்த அவருடைய மெட்டுகளையும் குறிப்பேடுகளையும் வைத்துக்கொண்டு ஐராவோடு உட்கார்ந்தார். கெர்ஷ்வின் வாசித்துக் கேட்டதில் பலவும் அவர் நினைவில் இருந்தன. இரண்டு பேருமாகப் புதுப் பாட்டுகளைத் தேற்றினார்கள். அவை 1947-ல் 'த ஷாக்கிங் மிஸ் பில்கிரிம்' படத்தில் வந்தன. இசையமைப்பாளர் இறந்து பத்து வருடம் கழித்து அவர் பெயரில் ஒரு புதுப் படம்! கெர்ஷ்வின் வாழ்க்கைப் படத்தில் இடமில்லாதவர்தான் அந்தப் பேனாவுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் கொடுத்தார்.

#22 கோடைமழை

நான் மருத்துவர் என்பதால் கடைசிப் பகுதியைப் பற்றி. படம் நோயை அவசரமாகக் கடந்துவிடுகிறது. நிஜம் மனசைப் பிசையும்.

1937 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரியில் தன் சொந்த கன்செர்ட்டோவை வாசிக்கும்போது சில விநாடி நினைவு தப்பி, சில சுரங்களை விட்டார். ரப்பர் எரிகிற நாற்றம் அடிப்பதாகச் சொன்னார். எங்கள் பாடத்தில் இது பக்கா அறிகுறி. பொட்டுக்குப் பின்னால், டெம்போரல் பகுதியில் கட்டி இருந்தால் இப்படி இல்லாத வாசனை வரும். ஆனால் சி.டி. ஸ்கேன் வந்ததே 1970-களில். அன்றைக்கு உறுதி செய்ய முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். அவர் ஜூனில் அதற்குச் சம்மதிக்கவில்லை. மன அழுத்தம், ஹாலிவுட் பிடிக்கவில்லை, அதனால்தான் தலைவலி என்று சுற்றி இருந்தவர்கள் நினைத்தார்கள். சாப்பாட்டைச் சிந்தியதற்கு வீட்டில் முகம் சுளித்தார்கள் என்றுகூடப் படித்திருக்கிறேன்.

ஜூலை 9 கோமா. வால்டர் டாண்டி என்ற பெரிய மூளை அறுவை நிபுணரைத் தேடினால் அவர் செசபீக் வளைகுடாவில் படகில் இருக்கிறார். கடலோரக் காவல்படை மூலம் கண்டுபிடித்துக் கூட்டிவந்து, அவர் நியூவர்க் விமான நிலையத்தை அடைவதற்குள் இனித் தாமதிக்க முடியாது என்றாகிவிட்டது. அறுவை நடந்தது. ஜூலை 11, ஞாயிறு காலை போய்விட்டார். அன்று அவருக்கு உடனே கண்டுபிடித்திருந்தாலும் அந்த வகைக் கட்டிக்கு மாதக் கணக்கில்தான் நீட்டியிருக்க முடியும், இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

#23 கிளாரி_செல்வம்

முப்பத்தெட்டு வயசு. ச்சே.

#24 மேட்னி_மோகன்

கொஞ்சம் பேச்சை மாற்றுகிறேன். இதே படத்துக்கு முதலில் கிளிஃபர்ட் ஓடெட்ஸ் ஒரு திரைக்கதை எழுதினார் தெரியுமோ? நாடகாசிரியர், யூதக் குடும்ப வாழ்க்கையை உள்ளிருந்து எழுதத் தெரிந்தவர். அது மலை மாதிரி நீண்டு, ஸ்டுடியோவுக்கு ஒத்துவராமல் கைமாறிவிட்டது. ஆனால் வீணாகவில்லை. அதிலிருந்து எடுத்த சரக்கு 1946-ல் 'ஹ்யூமரெஸ்க்' படத்துக்குப் போனது. கெர்ஷ்வின் வயலின்காரராக மாறிவிட்டார்! ஜான் கார்ஃபீல்டும் ஜோன் கிராஃபோர்டும். பக்கத்தில் கிண்டலடிக்கும் பியானோ நண்பனாக யார்? வேறு யார், லெவண்ட்தான். கார்ஃபீல்டுக்கு வயலின் வாசித்த கை ஐசக் ஸ்டெர்னுடையது. மறுபடியும் இரவல் விரல். ஆனால் அதில் கெர்ஷ்வின் பெயர் இல்லாததால் யாருக்கும் பயமில்லை, கதை கடிக்கிறது. பணக்காரச் சீமாட்டி இங்கே கிறிஸ்டின் மாதிரிப் பொம்மையாக இல்லாமல் ரத்தமும் சதையுமாக இருக்கிறாள்.

என் கட்சி இதுதான்: வாழ்க்கை வரலாறு என்று பலகை மாட்டினால் பொய் சொல்லியே ஆக வேண்டும், மாட்டாவிட்டால் உண்மை தானாக வரும். 1951 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' பாருங்கள். கெர்ஷ்வின் இசை மட்டும், வரலாறு ஒரு வரிகூட இல்லை. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அதில் லெவண்ட் கனவில் கன்செர்ட்டோ வாசிப்பார்; பியானோவும் அவரே, நடத்துபவரும் அவரே, வயலின்காரரும் அவரே, கைதட்டுகிறவரும் அவரே.

#25 தூரத்து_இடி

பலகை மாட்டாமல் இருந்திருந்தால் ஆன் பிரவுனை யார் கூப்பிட்டிருப்பார்கள் மோகன்? ஹேசல் ஸ்காட்டை? கெர்ஷ்வின் பெயர் போட்டதால்தானே வைட்மேனும் ஒயிட்டும் வந்து நின்றார்கள். ஓடெட்ஸ் எழுதியது நல்ல கதையாக இருந்திருக்கும், ஆனால் அதில் இந்த ஆட்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

#26 மேட்னி_மோகன்

...சரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

#27 நியூஜெர்சி_நிலா

கெர்ஷ்வின் தானே வாசிக்கும் படச்சுருள் எதுவும் இருக்கிறதா? ஆல்டா முகமும் லெவண்ட் விரலும் போதும், நிஜ ஆளைப் பார்க்கணும்.

#28 பழையரீல்

இருக்கிறது. 1931 ஆகஸ்டில் மன்ஹாட்டன் தியேட்டர் திறப்பு விழாவில் 'ஐ காட் ரிதம்' வாசிப்பது. மொத்தமே சில நிமிடம்தான். கை என்ன வேகம்! முகத்தில் சிரமத்தின் சுவடே இல்லை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருக்கிறார். ஒலிப்பதிவு வேண்டுமென்றால் 1924 ஜூனில் வைட்மேன் குழுவோடு பதிவு செய்த ராப்சடி இருக்கிறது. இசைத்தட்டின் இரண்டு பக்கத்தில் அடக்க வேண்டுமென்று ஒன்பது நிமிடத்துக்கு வெட்டியது. செல்வம், அதில் கிளாரிநெட் ராஸ் கார்மனேதான்.

#29 கிளாரி_செல்வம்

கேட்டுவிட்டேன் சார். இழுப்பு இப்போது வாசிக்கிறவர்களைவிடக் குட்டையாக இருக்கிறது, ஆனால் குறும்பு ஜாஸ்தி. கடைசியில் ஒரு சிரிப்புச் சத்தம் மாதிரி வைக்கிறார். நாளைக்குப் பக்கத்துக் குடித்தனக்காரர் வெளியூர் போகிறார், மறுபடி ஆரம்பிக்கப் போகிறேன்.

#30 பழையரீல்

வாழ்த்துகள் செல்வம்.

நேற்று கடைசிக் காட்சியை மட்டும் திரும்பப் போட்டேன். நியூயார்க் லூயிசான் ஸ்டேடியத்தில் லெவண்ட் ராப்சடி வாசிக்கிறார், கேமரா மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன்னால் அழுதபோது இதை ஒரு சினிமா உத்தி என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது: 1932 ஆகஸ்டில் அதே ஸ்டேடியத்தில் கெர்ஷ்வின் இசை மட்டுமே கொண்ட கச்சேரி நடந்தது. அன்று கெர்ஷ்வின் இருக்கும்போதே அவருடைய கன்செர்ட்டோவை வாசித்தவர் இந்த லெவண்ட்தான். ஸ்டேடியத்தை 1973-ல் இடித்துவிட்டார்கள்.

இந்தக் காட்சியில் அவர் கையை மட்டும் பார்த்தேன். இங்கே அவர் யாருக்கும் விரல் இரவல் தரவில்லை, தன் நண்பனுக்காகத் தானே வாசிக்கிறார். கூட்டத்தில் ஜூலி ஆடம்ஸைக் காட்டினார்கள். நான் கண்ணை எடுக்கவில்லை.